கழற்றக்கூடியது

ஸ்ட்ரூவனின் கிடார் இது.
வட கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில் இருக்கிறான்.
மார்ச்சில் வருவான்.
"வாசி. ஆனால் எங்கேயும் ஓட்டை போடாதே."
போகும்போது சொன்னது அவ்வளவுதான்.

அதனால் லீத்தில், மொர்வெனின் கடையில்
இரண்டு பிக்கப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.
ஒற்றைச் சுருள் மலிவு,
ஆனால் கூரையின் டியூப்லைட்டோடு சேர்ந்து
ஓயாமல் முனகியது.
இரட்டைச் சுருள் நாற்பது பவுண்டு அதிகம்;
வாயைத் திறக்கவில்லை.
அந்த மௌனத்துக்குத்தான் காசு கொடுத்தேன்.

கம்பிகளைத் தளர்த்தி
ஒலித்துளையின் குறுக்கே அதைச் செருகி
இரண்டு திருகுகளையும் இறுக்கினேன்,
கார்க் மரத்தைக் கவ்வும்வரை.
அதற்குமேல் கால் சுற்றுகூட இல்லை.

வெள்ளி இரவு, மதுக்கூடத்தில்
இரண்டாம் கம்பி மட்டும் கத்தியது,
இரங்கல் கூட்டத்தில் ஒருத்தி
சத்தமாகச் சிரித்துவிட்டதுபோல்.
அதன் அடியிலிருந்த ஆணியை இறக்கினேன். அடங்கியது.

மூன்றாம் பாட்டில், பழக்கதோஷம்,
உள்ளங்கையால் மரத்தைத் தட்டினேன்.
ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லை.
காந்தத்துக்கு எஃகுதான் கேட்கும்,
மரம் பேசினால் அது செவிடு.
முன்மேசையில் ஈரக் கோட்டோடு இருந்தவர் மட்டும்
தட்டலுக்குத் தலையாட்டினார்.

மணி ஒன்று.
கழற்றி, ஒரு காலுறைக்குள் சுருட்டி வைக்கிறேன்.
துளையின் விளிம்பில் கார்க் பதிந்த இடம்
லேசாக மங்கியிருக்கிறது.
சட்டைக் கையால் தேய்க்கிறேன்.
போய்விட்டது.

போகாவிட்டால் ஸ்ட்ரூவனிடம் சொல்ல
ஒரு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன்.
கிடாரைப் பற்றியதல்ல அது.