இல்லாத விரலின் அரிப்பு

ஜூன் மாதம். பசிபிக்கின் மூடுபனி
ஆய்வுக்கூடத்துக் கண்ணாடியில் உப்பாய்க் காய்கிறது.
கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு நோல்பெர்த்தோ வருகிறான்.
தொட்டியில் ஒரு கணவாய், என் இடுப்புயரம்,
சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்து.

"எட்டு தப்பிவிட்டன. இது ஒன்றுதான்.
தூண்டில் அசையுமுன்னே பின்னால் பாய்கின்றன.
நான் நினைப்பது அதுகளுக்கு முன்கூட்டியே தெரிகிறது, ஒதீலியா."

நான் பதில் சொல்லவில்லை.
கத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இங்கே வருமுன் வால்பராய்ஸோவில்
பணக்காரிகளின் பட்டுக் காலுறைகளில்
ஓடிய இழைகளைப் பிடித்துத் தைத்தவள் நான்.
டாக்டர் இர்ரசாவால் என் விரல்களைத்தான் பார்த்தார்.
படிப்பைக் கேட்கவில்லை.

போர்வைத் தசையை விரித்து
விளக்குக்கு எதிரே பிடித்தால் மட்டும் தெரியும் அந்த நூல்:
நரம்பணுக்கள் பல கூடி நீட்டிய ஒற்றை வால்.
தீக்குச்சியில் பாதிப் பருமன்.
பருமன்தான் வேகம்; அந்த வேகம்தான்
நோல்பெர்த்தோவின் எட்டு நஷ்டம்.
நமக்குள் ஓடுபவை
மயிரிழையைப் பத்தாகப் பிளந்தது போல.

இரு முனையிலும் முடிச்சு. வெட்டு.
கடல்நீர்த் தட்டில் கிடத்தினேன்.
கணவாய் இறந்துவிட்டது.
நூலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

உள்ளே, வெளியைவிட
அறுபது மில்லிவோல்ட் தாழ்வு.
பார்க்கச் சும்மா கிடக்கிறது;
நாணேற்றிய வில்லும் அப்படித்தான் கிடக்கும்.

மெல்லச் சுண்டினோம். ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை.
இன்னும் ஒரு மயிரளவு
பச்சைக் கோடு துள்ளி விழுந்தது.

கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய,
அந்த அதிர்வில் அடுத்த கதவு,
அதனால் அதற்கடுத்தது;
பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறி
எல்லாவற்றையும் பழையபடி ஆக்க,
திறந்த கதவு சற்றே மூச்சு வாங்கும்,
இமைப்பொழுதில் நூறில் ஒரு பங்கு.
அதனால்தான் செய்தி வந்த வழியே திரும்புவதில்லை.

நோல்பெர்த்தோ குமிழைக் கடைசிவரை திருகினான்.
துள்ளலின் உயரம் அதேதான்.
"பலமாய் அடித்தால் பலமாய்க் கத்தாதா?"
"கத்தாது. அடிக்கடி கத்தும்."

"முனையில் என்ன?"
முனையில் ஒரு பிளவு.
அடுத்த அணுவைத் தொடுவதில்லை.
மின்துடிப்பு அங்கே கரைசேர்ந்துவிடும்;
குட்டிப் பைகள் வாய்திறந்து ரசாயனம் கசியும்;
அக்கரையில் அதற்கென்றே குடைந்த பூட்டுகள்.
சில 'சொல்' என்னும், சில 'பேசாமல் இரு' என்னும்.
அக்கரைக்காரன் கூட்டிக் கழித்துப் பார்த்து
தன் பங்குக்குத் துள்ளுவான்,
இல்லை, துள்ளாமலே விடுவான்.

"என் பெண்டாட்டி கரையிலிருந்து விளக்கை ஆட்டுவாள்,"
என்றான். "நடுவில் கயிறா கட்டியிருக்கிறோம்?"

பிறகுதான் அந்த இடக்கையை நீட்டினான்.
மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை.
மூன்று வருஷம் முன்பு இழுவைக் கயிறு கொண்டுபோனது.
"சுண்டு விரல் அரிக்கிறது, ஒதீலியா. ராத்திரியில்.
இல்லாத விரல்.
யார் அனுப்புகிறார்கள்?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
அறுந்த நுனி இன்னும் உயிரோடு; தானாகவே துள்ளக்கூடும்.
மேலே இருக்கும் மூளைக்கு அனுப்பியவன் முகம் தெரியாது;
எந்தத் தெரு வழியாக வந்தது என்பதே தெரியும்.
அது சுண்டுவிரல் தெரு.
காரணம் இது மட்டுமல்ல; மீதி எங்களுக்கும் சரியாகத் தெரியாது.

நோல்பெர்த்தோ தட்டைப் பார்த்தான்.
அங்கே கணவாய் இல்லாத நூல்
நாலாவது மணிநேரமாகத்
தப்பித்துக்கொண்டே இருந்தது.

மிச்சத்தை, வழக்கம்போல்,
பூண்டும் மிளகாயும் போட்டு வறுத்தேன்.
மூவரும் நின்றபடியே தின்றோம்.
வாய் சுட்டுக்கொண்டான்; சுட்டது என்று சொல்லுமுன்
உதடு விலகியிருந்தது.
சாப்பிட்டு முடித்து வலக்கையால்
இடக்கைக்குப் பக்கத்துக் காற்றைச் சொறிந்தான்,
சரியாகச் சுண்டுவிரல் நீளத்துக்கு.

"கேட்கிறதா?" என்றேன்.

"இல்லை," என்றான். "ஆனாலும்."