ஒப்புகை

பெல்லந்தூரில் ஏதோ ஒரு ஜேசிபி
கேபிளைக் கடித்துவிட்ட ராத்திரி.
மணி இரண்டு நாற்பது.
திரையில் பச்சைக் கோடு
மஞ்சளாகி, இழுத்துக்கொண்டு கிடந்து,
சிவந்தது.

போன பாக்கெட்டுக்கு ஒப்புகை வரவில்லை.
வராவிட்டால் அனுப்புகிறவன் பாதியாக்குவான்.
இன்னும் வராவிட்டால் அதில் பாதி.
கடைசியில் ஒன்றே ஒன்று,
அதற்கும் பிறகு காத்திருப்பு,
அடுத்த முறை அதைப்போல் இரண்டு மடங்கு.
மேலே உட்கார்ந்து யாரும் கையசைப்பதில்லை.
மௌனத்தை எண்ணத் தெரிந்தால் போதும்.

‘இருவெ ஜாஸ்தி ஆகிதெ, மேடம்’
என்றபடி காவலாளி முனிராஜு
ஜன்னலோரம் எறும்பு சாக்பீஸ் கிழித்துக்கொண்டிருந்தார்.
சுவர் விரிசலில் கூடு.
என் மேஜையில், செய்தித்தாளில்,
அவர் வீட்டு யுகாதி ஒப்பட்டு ஒன்றரை.
நடுவில் இப்போது ஒரு வெள்ளைக் கோடு.

மிதித்த சில சுருண்டன.
மற்றவை வந்த வழியை மறந்து சுற்றின.
ஒப்பந்தக்காரருக்குப் போன் அடித்துக்கொண்டே
விரிசலின் வாயைப் பார்த்தேன்.
அவர் எடுக்கவில்லை.

உள்ளே ஒருத்தியை ஒருத்தி
கொம்பால் தடவியபடி நின்றார்கள்.
திரும்பியவள் வாயில் துணுக்கு இருந்தால்
அடுத்தவள் கிளம்புவாள்.
இல்லையென்றால் இல்லை.
நிமிடத்துக்கு முப்பது பேர் போன வாசலில்
பத்து. நான்கு.
பிறகு ஒரே ஒரு கொம்பு
வெளிக்காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போனது.

இரண்டு தடவை அரியர் வைத்துத்
தேறிய பாடம் எனக்கு.
சில்க் போர்டில் இன்றுவரை
ஒருவருக்கும் ஏறாத புத்தி:
முன்னே போனவன் போய்ச் சேரவில்லை,
பின்னாலேயே போய் ஏனப்பா ஒட்டுகிறாய்?

நான்கு பத்துக்கு ஒருத்தி வந்தாள்.
எப்படிச் சுற்றினாளோ,
ஸ்விட்சின் நீல ஒயரைப் பிடித்து
தலைகீழாக,
சாக்பீஸுக்கு எட்டாத உயரத்தில்.
வாயில் தன் தலையைவிடப் பெரிய பூரணம்.
கூடு அவளைத் தொட்டது.
ஒருத்தியை அனுப்பியது.
அவள் வந்ததும் இரண்டு.
நான்கு.

கேபிள் ஒட்ட வேண்டிய பையன்
இன்னும் மாரத்தஹள்ளியில்
பெட்ரோலுக்கு வரிசையில் நின்றிருந்தான்.

முனிராஜு மறுபடி சாக்பீஸை எடுத்தார்.
‘சாக்கு பிடி’ என்றேன்.
போதும், விடு என்பதற்கு
இந்த ஊரில் பிடி.
சரியென்று விட்டார்.
விட்டவர், மேஜைக்கு வந்து,
எறும்பை ஊதித் தள்ளி,
ஒப்பட்டு ஒன்றரையையும்
நின்றபடியே தின்று முடித்தார்.

இன்னும் பத்து நிமிடத்தில்
கூட்டுக்குத் தெரிந்துவிடும்.