எந்த பிஸ்த்ரித்சா?

லாரியின் முதுகில் நாற்பது தேன்பெட்டிகள்.
"பிஸ்த்ரித்சாவுக்குக் கொண்டுவா, அக்கேசியா பூத்துவிட்டது"
என்றார் லவ்ரென்ட்சியு.
சொல்லி முடிக்குமுன் போனை வைத்துவிட்டார்.

இரவெல்லாம் ஓட்டினேன்.
விடிந்தபோது பலகையில் பிஸ்த்ரித்சா,
பாலத்தடியில் பாய்ந்ததும் பிஸ்த்ரித்சா.
பூதான் இல்லை.

டீசல் பிடித்த பையன் சிரித்தான்:
"மலைக்கு அப்பால் ஒன்று ஓடுகிறது, அக்கா.
தெற்கே ஒன்று, அதன் கரையில் அதே பெயரில் ஒரு மடம்.
உங்களுக்கு எது வேண்டும்?"

முன்னொரு நாள்
எந்த ஸ்லாவியனோ காலை நனைத்து
"அம்மாடி, என்ன வேகம்!" என்று கத்தியிருப்பான்.
அடுத்த பள்ளத்தாக்கில் வேறொருவன்,
அதே குளிர், அதே கத்தல்.
யார் யாரைக் கேட்டுக்கொண்டார்கள்?

பெட்டிகள் கொதித்தன. ஆற்றில் வாளியை முக்கி
வலைமேல் தெளித்தேன்.
போன் அடித்தது.
"வந்துவிட்டாயா ஒத்திலியா?"
"வந்துவிட்டேன்."
"எங்கே?"
"பிஸ்த்ரித்சாவில்."
"நானும் அங்கேதான் நிற்கிறேன், உன்னைக் காணோமே!"

பொய் சொன்னவர் யாருமில்லை.

வலைக்கிழிசல் வழியே வெளிவந்த ஒருத்தி
லாரியை இரண்டு சுற்று சுற்றினாள்,
பலகைமேல் உட்கார்ந்து சிறகைத் துடைத்தாள்,
பிறகு ஆற்றைத் தாண்டிப் போனாள்
எதையும் வாசிக்காமல்.