34-ஆம் வரிசை ஜன்னல்

ஐரோப்பாவைத் தாண்டி வந்த விமானம்
விடியுமுன் கோலாலம்பூரில் இறங்கியது.
எங்களுக்கு முப்பது நிமிடம்.
கோகிலவாணி குப்பைப் பையோடு முன்னால்,
நான் துணியும் தெளிப்பானுமாய்ப் பின்னால்.

ஒவ்வொரு ஜன்னலிலும்
ஒரு நெற்றியின் எண்ணெய்.
இழுபட்டுக் கிடந்தால் தூங்கியவர்.
வட்டமாய் அழுந்தியிருந்தால்
கீழே ஏதோ இருந்திருக்கிறது.

34-இல் யாரோ
சாப்பாட்டுத் தட்டின் காகிதத்தில்
வரைந்து விட்டுப் போயிருந்தார்.
ஒட்டுப்போட்ட துணியாய் வயல்கள்,
போக மனமில்லாமல்
திரும்பித் திரும்பி ஓடும் ஓர் ஆறு,
பேனா மை தீர்ந்துபோன பனிமலை.
ஓரத்தில், 'இது எந்த ஊர்?'

தமிழில்.

பக்கத்தில் இருந்தவரிடம்
கேட்கத் தெரியவில்லையோ,
கேட்கப் பிடிக்கவில்லையோ.

பதினோரு வருடமாய்
விமானத்துக்குள்தான் வேலை.
ஒன்றுகூட என்னை வைத்துக்கொண்டு
கிளம்பியதில்லை.

குனிந்து அதே ஜன்னலில் பார்த்தேன்.
எரிபொருள் லாரி. மஞ்சள் கோடு.
ஓடுபாதைக்கு அப்பால் செம்பனை, இருட்டாக.
மேலிருந்து பார்த்தால்
பச்சை நட்சத்திரம் நட்டுவைத்த மாதிரி இருக்குமாம்;
பினாங்குக்கு ஒருமுறை பறந்த கோகிலவாணி
இன்னும் அதையே சொல்கிறாள்.

"செப்பாட், செப்பாட்!"
நோர்லீலா கதவருகே கைதட்டினாள்.

காகிதத்தைக் குப்பையில் போடவில்லை.
சட்டைப் பைக்காக மடித்தபோது
ஆற்றின் குறுக்கே மடிப்பு விழுந்தது.

அந்த நெற்றி போக
மூன்று முறை தேய்க்க வேண்டியிருந்தது.
நிமிர்ந்து பார்த்தால்
துடைத்த இடத்தில் இன்னொன்று, கொஞ்சம் தாழ்வாக,
ஈரம் காயாமல்.

நேரமில்லை என்று
கோகிலவாணியிடம் சொல்லிவிட்டு
35-க்கு நகர்ந்தேன்.