திம்பாங்-2

பாடாங் செராய். தாமான் வீடு, வரிசையில் கடைசி.
பின்சுவருக்கு அந்தப் பக்கம் செம்பனை.
மூன்று அறை, மூன்று கணினி,
ஒன்றுக்கொன்று முகம் தெரியாது.

பெரியண்ணன் தியாகுவினுடையது விண்டோஸ்.
ஆலை எடைமேடையில் கழித்துப் போட்டதை
நூற்றிருபது வெள்ளிக்கு வாங்கினான்.
பெயர் கேட்டால் இன்னும் திம்பாங்-2 என்றுதான் சொல்லும்.
சின்னண்ணன் பூபாலனுடையது மேக்,
டியூஷன் டீச்சர் விற்றது.
எப்போது திறந்தாலும் மிஸ் லிம்மைத்தான் வரவேற்கும்.
என்னுடையது லினக்ஸ்.
மூஞ்சூறு என்று நானே பெயர் வைத்தேன்.

அப்பாவின் சேமநிதிப் பணம் வந்த மாதத்திலிருந்து
அண்ணன்கள் பேசிக்கொள்வதில்லை.
பிரிண்டர் ஒன்றுதான். அது என் அறையில்.
பென்டிரைவோடு மாறி மாறி வந்து
கதவைத் தட்டித் தட்டி என் உறக்கம் போனது.
அதற்காகத்தான் தொடங்கினேன்,
வேறு நல்லெண்ணம் எதுவும் கிடையாது.

இருபது மீட்டர் நீலக் கேபிள்
சமையலறைக் கூரையோரமாக,
எறும்பு போகிற அதே வழியில்.
முகவரி கொடுத்தேன், கடைசி எண் மட்டும் வேறு:
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.
மூஞ்சூறு கூப்பிட்டது.
மேக் உடனே ‘ம்’ கொட்டியது.
திம்பாங் வாயே திறக்கவில்லை.
தீச்சுவரை இறக்கினால் கடவுச்சொல் கேட்டது,
கொடுத்தால், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்றது.
தமிழில் இல்லாத வம்பு.
இரவு இரண்டே காலுக்கு ஆலை நாற்றம்
ஜன்னல் வழியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

‘பொது’ என்று ஒரு கோப்புறை திறந்தேன்.
திம்பாங்கில் அது வெறும் கட்டங்களாகத் தெரிந்தது.
“என்ன இது, பெட்டி பெட்டியா?”
திற, உள்ளே இடமிருக்கு என்றேன்.
மறுநாள் எழுத்துரு போட்டுத் தந்தேன்.

மூன்று வாரம் அச்சு வேலை மட்டும்.
பிறகு ஒரு நாள் உள்ளே மின்சார பில் கிடந்தது.
மேக்கிலிருந்து. கோப்பின் பெயர்:
யார் கட்டுறது
அதனருகில் இன்னொன்று,
ரூமி எழுத்தில் அடித்த தமிழ்:
கட்டியாச்சு
திறந்தால் ரசீது. முழுத் தொகை.

திம்பாங்கின் உள்பேட்டரி செத்து வெகுநாளாகிறது,
கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கி ஓடும்.
அதனால் பட்டியலில்
பதில் காலையிலேயே வந்துவிட்டது,
கேள்விதான் சாயங்காலம்.

பேட்டரி மூன்று வெள்ளிதான்,
ஆ சொங் கடையில் கிடைக்கும்.
போகிறபோதெல்லாம் மறந்துவிடுகிறேன்.