இடது புருவம்

பார்சலைப் பிரித்தேன்.
தலை தனி, உடல் தனி.
ஏற்கெனவே யாரோ எழுதிய முகம்:
ரோஸ் உதடு, திடுக்கிட்ட இமை,
எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதுபோல.

அதை அழிப்பதுதான் முதல் வேலை.
கூந்தலைப் பாலிதீன் கவரில் முடிந்துவிட்டு
அசிட்டோன் தொட்ட பஞ்சால் வாயை எடுத்தேன்.
பிறகு கண்கள்.
காதோரச் சிவப்பு மட்டும் போக மறுத்தது.
வில்லாபுரத்தில், இரவு பதினொன்றரைக்கு,
தூசி பறக்குமென்று ஃபேனையும் நிறுத்திவிட்டு
வேர்க்க வேர்க்க
ஒருத்தியை ஒன்றுமில்லாமல் ஆக்கினேன்.

பகலில் எனக்குப் பல் வேலை.
கோரிப்பாளையத்தில் டென்டல் லேப்.
பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுகிறவள்.
வெற்றிலை போடுகிறவருக்கு ஒரு மஞ்சள்,
கல்யாணப் பெண்ணுக்கு ஒரு வெள்ளை,
அறுபது வயதின் மயிரிழை விரிசலைக்கூட
ஒரே இழுப்பில் போட்டுவிடுவேன்.
அந்தத் திமிரில்தான் வாங்கினேன்
வாட்டர்கலர் பென்சில், சாக்குத்தூள்,
மூன்று பூஜ்யம் போட்ட பிரஷ்,
பளபளக்காத வார்னிஷ் ஒரு டப்பா.
விலையை வீட்டில் பாதியாகச் சொன்னேன்.

வலது புருவம் வந்தது.
மளமளவென்று வந்தது, முடி முடியாக,
காற்றில் சாய்ந்த நாற்றுபோல.
இடது
வரவில்லை.

உயர்த்தினேன், சந்தேகப்பட்டாள்.
இறக்கினேன், அழுதாள்.
தலைகீழாகப் பிடித்து வரைந்தேன்,
திருப்பினால்
தவணை கேட்க வந்தவள்போல முறைத்தாள்.
பிள்ளையார் பிடிக்கக் குரங்கானாலும் பரவாயில்லை,
குரங்குக்கு இரண்டு புருவமும் ஒரே உயரத்தில் இருக்கும்.

அழித்தேன்.
மொட்டை மாடிக்கு ஓடி வார்னிஷ் அடித்தேன்.
டப்பா குலுக்கும் சத்தத்துக்குக்
கீழ்வீட்டு ரஹீமா பீவி குரல் கொடுப்பார்:
"என்னத்தா, மறுபடியும் பெயிண்டா?"
ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் அடித்ததில்
முகம் முழுக்கப் பூஞ்சணம்போல வெள்ளை படர்ந்தது.
ஈரக்காற்றில் அடிக்கக் கூடாதாம்.
டப்பாவின் பின்பக்கம்
எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது.

ஆறு முகம் போனது இப்படி.

ஏழாவதுக்கு முந்தின நாள்
லேபுக்கு ஒரு பல் செட் திரும்பி வந்தது.
நான் செய்ததுதான்.
குறை ஒன்றுமில்லையாம். அதுதான் குறையாம்.
"இவ்வளவு வரிசையா எனக்கு எப்பவும் இருந்ததில்ல,
வீட்ல பேரன் பயப்படுறான்" என்றாராம் பெரியவர்.
ஞானராஜ் சார் சிரிக்காமல் என் மேஜையில் வைத்தார்.
மேல்வரிசையில் ஒரு பல்லை
நெல்லளவு திருப்பினேன்.
உடனே
செட்டுக்கு ஒரு ஆள் வந்துவிட்டார்.

அன்று ராத்திரி ஸ்கேலை எடுக்கவில்லை.
இடது புருவம், வால் பக்கம் கொஞ்சம் அறுந்து,
தானாக வந்து உட்கார்ந்தது.
பார்த்தேன். இவளை எனக்குத் தெரியும்.

தெற்குவாசலில் ஏறுகிறவள்.
மஞ்சள் பை, ஈரத் தலை,
நெரிசலில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவள்.
புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு.
பேர் தெரியாது.
ஒன்றரை வருஷமாக எதிரே நின்றதில்
என் கை அவளைத் திருடி வைத்திருக்கிறது,
என்னிடம்கூடச் சொல்லாமல்.

பஞ்சை நனைத்து எடுத்தேன்.
கண்ணருகே கொண்டுபோய்
அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
அசிட்டோன் காத்திருக்காது.
பஞ்சு காய்ந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் அவளைப் பார்க்கக் கூடாதென்று
டிரைவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
சிம்மக்கல் தாண்டும்போது அவளே கேட்டாள்:
"தெனமும் மொகத்தையே பாப்பீங்க,
இன்னிக்கு என்ன?"
தூக்கிவாரிப் போட்டது.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
"இல்ல, நான் பல் செட் செய்ற எடத்துல வேலை…"

சட்டென்று
உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.
கண் மட்டும் சிரித்தது.
இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

பொம்மை அலமாரியில் இருக்கிறது,
மூக்குக்குக் கீழே வெறுமையாக.
உதட்டுக்கு வாங்கிய சிவப்பு
இன்னும் பிரிக்காத டப்பாவில்.