ஆயிரத்து நூற்று இருபத்தேழாவது மணி

அம்மா எழுதியது கணக்குப் புத்தகத்தில்.
பற்று, வரவு என்று பிரிக்கும் சிவப்புக் கோடுகளை
மதிக்காமல் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பிப்ரவரியில் போய்விட்டாள்.
டொலீடோவில், சமையலறை மேசையில்,
மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி
நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

1933, பியோரியா.
வங்கி மூடியாயிற்று, மாவு ஆலையும்.
ஆட்டப் போட்டியில் பெயர் கொடுத்தால்
நாளைக்கு ஏழு வேளைச் சாப்பாடு.
அதையும் மார்பளவு உயர மேசையில்,
கால் ஓயாமல் சாப்பிட வேண்டும்.
மணிக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆட்டம்,
மிச்ச நேரம் கட்டில், பிறகு சங்கு.
கடைசியில் நிற்கும் ஜோடிக்கு எழுநூறு டாலர்.

"ஆட்டம் என்கிறார்கள்," அம்மா எழுதுகிறாள்,
"முதல் வாரத்துக்குப் பிறகு
விழாமல் இருப்பதற்குத்தான் அந்தப் பெயர்."

அவள் ஜோடி ஈனஸ் ப்ரூவிட். பண்ணையாள்.
என் அப்பா இல்லை.
அவன் தூங்கினால் அவள் சுமந்தாள்,
அவள் தூங்கினால் அவன்.
இருவர் முதுகிலும் சவப்பெட்டிக் கடை விளம்பரம்,
அதற்கு வாரம் இரண்டு டாலர் தனி.
மாடத்திலிருந்து காசு எறிந்தார்கள்.
முழங்கால் தரையில் பட்டால் வெளியே என்பதால்
குனியாமல், காலாலேயே
தள்ளித் தள்ளிச் சுவரோரம் சேர்த்தார்கள்.

என் கல்யாணத்தில் அம்மா ஆடவில்லை.
மாமனார் கையை நீட்டிக்கொண்டு நின்றார்,
பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் வந்துவிட்டது.
அவள் நாற்காலியைவிட்டு அசையவில்லை.
முப்பது வருஷம் அதை மனசில் வைத்திருந்தேன்.
நூற்று நாற்பதாம் பக்கத்தை அடித்துவிட்டு
எழுந்துபோய்க் குழாயைத் திறந்தேன்,
தண்ணீர் எதற்கும் வேண்டியிருக்கவில்லை.

கடைசிப் பக்கம்:
"ஆயிரத்து நூற்று இருபத்தேழாவது மணி.
ஈனஸ் என் காதில் சொன்னான்:"

அவ்வளவுதான். கீழே, கொஞ்சம் இடம் விட்டு,
கடைக்குப் போக எழுதிய சாமான் சீட்டு.

நீதான் முடிக்கணும் என்றான் தம்பி ரஸல்.
ஈனஸின் வாயில் காதலை வைத்துப் பார்த்தேன்.
சகிக்கவில்லை.
ஒரு ஜெபத்தை வைத்தேன், பாதிரியார் குரலில் வந்தது.
"விட்டுடலாம் லியோட்டா" என்று வைத்தேன்.
அது மட்டும் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது.

நேற்றுதான் சீட்டை ஒழுங்காகப் படித்தேன்.

பன்றிக் கொழுப்பு நாலு பவுண்டு.
விளக்குக்கு மண்ணெண்ணெய்.
கோவேறு கழுதைக்கு லாடம், நாலு காலுக்கும்.
அம்மாவுக்கு மேல்வரிசைப் பல்.

எங்கள் வீட்டில் கழுதை ஏது?
மைக்ரோவேவ் வந்த பிறகு எழுத உட்கார்ந்தவளுக்கு
மண்ணெண்ணெய் எதற்கு?
அவளைப் பெற்றவள் இறந்தது நான் பிறப்பதற்கு முன்னால்.

என் தாள்கள் மூன்றையும் கிழித்தேன்.
இடம் விட்ட இடத்தில் இடம் விட்டு
அப்படியே அடித்தேன்.
யார் ஜெயித்தது என்று ரஸல் கேட்பான்.
எங்கும் எழுதியிருக்கவில்லை.

சீட்டின் கடைசி வரி, பென்சில், பாதி அழிந்து:
பெண்கள் ஷூ ஒரு ஜோடி. அளவு ஆறரை.

மார்ச்சில் அவள் அலமாரியை ஒழித்தபோது
பழைய சாமான் கடைக்காரர் கேட்டார்,
இதெல்லாம் என்ன அளவு என்று.
திருப்பிப் பார்க்காமலே சொன்னேன்.